நிரம்பாத குழி

மாசி மாதம், வெங்காயம் கிண்டி எடுக்கத் தொடங்கிய வாரத்தில், உதயகலாவின் கிணற்றில் நமசிவாயத்தின் முகம் தெரிந்தது. அதுவரை அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு அவரவர் முகமே தெரிந்து வந்தது. அன்று காலை அவள் வாளியை இறக்கக் குனிந்தபோது, கீழே தண்ணீரில் அடுத்த வளவு நமசிவாயம் பல் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் தலையைச் சாய்த்தாள். அவர் சாய்க்கவில்லை. நிமிர்ந்து வேலிக்கு மேலால் பார்த்தாள். நமசிவாயம் தன் முற்றத்தில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தார். மறுபடி குனிந்தாள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் துப்பினார். சுன்னாகம் சந்தையில் அன்று வெங்காய விலை இறங்கியிருந்தது. வெண்கலட்டி ஊரில் அன்று பேசப்பட்டவை இந்த இரண்டும்தான்.

வாரம் முடிவதற்குள் மற்றக் கிணறுகளும் அப்படி ஆயின. நமசிவாயத்தின் கிணற்றில் மேற்கு ஒழுங்கை முருகேசுவும் அவர் மனைவி ஞானாம்பிகையும் தெரிந்தார்கள். பெரும்பாலும் சண்டை பிடித்தபடி, சத்தமில்லாமல். முருகேசுவின் கிணறு வீதியோரக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. அதில் முகூர்த்த நாட்களில் முன்பின் தெரியாத மணமக்கள் தெரிந்தார்கள். மற்ற நாட்களில் மண்டபத்துக் காவலாளி தெரிந்து கொட்டாவி விட்டான். ஞானாம்பிகை நல்ல நாள் பார்த்து அயல் பெண்களை வரச்சொல்லி, மணப்பெண்களின் தலை அலங்காரத்தைக் கிணற்றுக்கட்டில் சாய்ந்து நின்று காட்டினாள்.

காரணம் தேட யாரும் அதிகம் கஷ்டப்படவில்லை. வெண்கலட்டியில் ஆறு இல்லை, ஓடை இல்லை. முழங்கால் ஆழத்துக்கு மண், அதன் கீழே சுண்ணாம்புக்கல். கல்லில் வெடிப்புகள், வெடிப்புகளுக்குக் கீழே தண்ணீர். மேலே ஊற்றுவது எல்லாம் கீழே போகும். இடப்பெயர்வு முடிந்து சனம் திரும்பியபோது வீட்டுத்திட்டம் வந்தது. வீட்டோடு கக்கூசும் வந்தது. குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. ஊரும் விதியை மீறவில்லை. எல்லாரும் தங்கள் கிணற்றிலிருந்து ஐம்பது அடி அளந்து, வளவின் கடைசி மூலையில், வேலியோடு சேர்த்துக் குழி வெட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவரின் கிணறு இருந்தது. அது விதியில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. குழி வெட்டும்போது கல் உடைக்கும் அலவாங்கு பாறையைத் துளைத்துக் கையை விட்டு நழுவி உள்ளே போனால், குழி வாய்த்துவிட்டது என்று பொருள். கீழே பொந்து இருக்கிறது. அந்தக் குழி ஒருநாளும் நிரம்பாது. அப்படி அலவாங்கு போன வீட்டில் மேசனுக்கு வேட்டி சால்வை கொடுத்தார்கள். கலியாணப் பேச்சில் வீடு, வளவு, பங்குக்கிணறு என்று சொல்லி வந்து கடைசியில், குரலைச் சற்று உயர்த்தி, நிரம்பாத குழி என்றார்கள். ஊரில் பெயர்போன குழி நமசிவாயத்தினுடையது. இரண்டு அலவாங்குகளை விழுங்கியது. சபையின் கழிவு இறைக்கும் பவுசர் வண்டி ஒழுங்கையால் போகும்போதெல்லாம் அவர் படலைக்கு வந்து நின்று, அது யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துச் சிரிப்பார்.

உதயகலாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கணவன் பிரான்சுக்குப் போனான். பிறகு அவனைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. அவள் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய் மகள் சாருஜாவைப் படிப்பித்தாள். கயிறு கட்டி, மண்டியிட்டு, ஒரு சாண் நிலத்தைச் சுத்தமாக்கி, அதற்குப் பிறகே அடுத்த சாணுக்குப் போகிற வேலை. வேலை முடிந்து பல வருடங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒன்றை முடிக்காமல் அவள் மற்றதைத் தொடமாட்டாள், தொட்டதை விடமாட்டாள். முகங்கள் தெரிவதற்கு முந்தைய வருடம் சாருஜா தலைப்பிரசவத்துக்கு உடுப்பிட்டியிலிருந்து தாய்வீடு வந்தாள். பிள்ளைக்குப் பால் போதவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் பிள்ளையின் உதடு நீலமானது, பிறகு நகங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். கொதிக்கவைத்தால் போகிற அழுக்கு இல்லை இது என்று வைத்தியர் சொன்னார். மருமகன் பிரவீணன் கோபக்காரன் அல்ல. ஆனால் அவன் பெற்றோர் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே உடுப்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கிணறு இருக்கும்வரை பெண்ணை அங்கே அனுப்ப மாட்டோம் என்றார்கள். அனுப்பவும் இல்லை. எந்தக் குழி என்று உதயகலாவுக்கு அன்று தெரியாது. இப்போது முகத்தோடு தெரிந்தது.

அவள் வேலிப்பொட்டின் இடைவெளியால் நுழைந்து நமசிவாயத்தின் முற்றத்துக்குப் போனாள். அவருக்கு எழுபது வயது. மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். விஷயத்தை அவரும் கேள்விப்பட்டிருந்தார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறாக இருந்தது.

"என்ரை முகம் உன்ரை கிணத்துக்கை கிடக்கெண்டால், நீ எடுத்து வைச்சிருக்கிறாய் எண்டுதானே அர்த்தம்?"

"உங்கடை முகத்தை வைச்சு நான் என்ன செய்யிறது மாமா? குழியை அடைச்சுக் கட்டுங்கோ. அது தன்பாட்டிலை போயிடும்."

"குழி அம்பது அடிக்கு அங்காலை பிள்ளை. விதிப்படி."

"உங்கடை கிணத்திலை இருந்து அம்பது அடி. என்ரை கிணத்திலை இருந்து எத்தினை அடியெண்டு அளந்தனீங்களோ?"

"இருவது வரியமா நிரம்பேல்லை அது. ஒருநாள் பவுசர் கூப்பிட்டிருப்பனோ?"

"எப்பிடி நிரம்பும்? நான்தானே குடிச்சு முடிக்கிறன்."

நமசிவாயம் அன்று பொட்டைப் பனைமட்டையால் அடைத்தார். மறுநாள் தன் வாளியோடு வீதியால் சுற்றி வந்து, முகத்தைத் திருப்பி எடுக்கப்போவதாகச் சொன்னார். உதயகலா விலகி நின்றாள். அவர் பகல் முழுதும் அள்ளினார். ஒவ்வொரு வாளியிலும் அவர் முகம் வியர்த்து மூச்சு வாங்கியபடி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வாழைக்கு ஊற்றினார். மாலையில் எட்டிப் பார்த்தார். முகம் அங்கேயே இருந்தது, களைத்திருந்தது. அவள் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு, பொலிசில் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பொலிஸ் வந்து பார்த்தது. முகத்தைத் திருடுவதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்றது. சுகாதாரப் பரிசோதகரும் வந்தார். குழி ஐம்பது அடிக்கு அப்பால் இருப்பதை நாடாவால் அளந்து உறுதிப்படுத்தினார்.

பல்கலைக்கழகத்திலிருந்து தக்சாயினி என்ற இளம் பொறியியலாளர் வந்தாள். கொடிகாமத்துப் பெண். போத்தல்களில் தண்ணீர் எடுத்துப் போனாள். ஆய்வுகூடத்தில் போத்தலின் மூடியைத் திறந்தபோது முகமும் இருந்தது. அதை அவள் அறிக்கையில் சேர்க்கவில்லை. திரும்பி வந்து, நைத்திரேற்று அளவுக்குமேல் இருக்கிறது, குழிகள் பாதி, வெங்காயத்துக்குப் போடும் யூரியா பாதி என்றாள். யூரியாவுக்கு முகம் இல்லை. அதனால் அதைப் பற்றி யாரும் சண்டை பிடிக்கவில்லை.

சித்திரை மாதம் சவுக்கமுனையிலிருந்து செபஸ்தியம்மா வந்தாள். சவுக்கமுனை வெண்கலட்டிக்கு வடக்கே, நிலம் இறங்கிக் கடலோடு சேரும் இடத்தில் இருக்கும் மீன்பிடிக் கிராமம். தேவாலயமும், மீனவர் வாடிகளும், மணலில் சில கிணறுகளும் உண்டு. செபஸ்தியம்மா மூடிபோட்ட வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, ஒழுங்கையில் விசாரித்து, படலையைத் திறந்தாள்.

"உதயகலா எண்டுறது நீங்களோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியும். முறைக்கு ஒருக்காக் கேட்டனான்."

வாளியைக் கீழே வைத்து மூடியைத் திறந்தாள். தண்ணீரில் உதயகலாவின் முகம் இருந்தது. பஸ்ஸில் குலுங்கி வந்ததால் சற்று அலைந்தது. பிறகு அசையாமல் நின்று, உதயகலா இமைத்தபோது இமைத்தது.

"மாசியிலை இருந்து காலமை எழும்பினால் உங்கடை முகத்திலைதான் முழிக்கிறம். என்ரை மனிசன் அதிலைதான் சவரம் எடுக்கிறார். அவருக்குப் பிரச்சினை இல்லையாம், வடிவான மனிசி எண்டுறார். எனக்குத்தான் பிரச்சினை."

உதயகலா வாயைத் திறந்தாள். வாயில் வந்து நின்ற வசனம், என்னுடைய குழி ஐம்பது அடிக்கு அப்பால் என்பது. அதை வெளியே விடாமல் மூடிக்கொண்டாள். அவள் வீட்டுக் குழியும் நிரம்பாத குழிதான். அலவாங்கு போன அன்று அவளும் மேசனுக்கு வேட்டி கொடுத்தவள்.

"தண்ணி மட்டுமில்லைத் தங்கச்சி. கரையிலை முருகைக்கல்லு முழுக்கப் பச்சைப் பாசி. வலையை இழுத்தால் சளி மாதிரி வருது. முந்தி கல்லுக்கை நிண்ட மீன் இப்ப இல்லை. மேலையிருந்து நீங்கள் என்னத்தை விடுறியளோ அதைத்தான் நாங்கள் இழுக்கிறம்." செபஸ்தியம்மா வாளியை மூடினாள். பிறகு குரல் மாறிக் கேட்டாள்: "போன கிழமை முழுக்க ஏன் அழுதனீங்கள்?"

உதயகலா யாருக்கும் தெரியாமல் அழுதிருந்தாள். "மகள் வரமாட்டாளாம்," என்றாள்.

"சரி. அதுக்கு அழலாம். தண்ணியை என்ன செய்வம்?"

அன்று இருவரும் சோறு சாப்பிட்டார்கள். உதயகலா சுன்னாகத்துக்குப் போய்ச் சீமெந்து வாங்கி வந்தாள். தன் குழியை இறைப்பித்து, அடியையும் சுவரையும் பூசி, நீர் கசியாத தொட்டியாக மாற்றினாள். நிரம்பாத குழி முதல் தடவையாக நிரம்பியது. நிரம்பி வழிவதை எங்கே விடுவது என்று தக்சாயினியிடம் கேட்டாள். தக்சாயினி ஈர்க்கால் மண்ணில் கீறிக் காட்டினாள். வீட்டுத் தொட்டியில் தடித்தது அடியில் தங்கும். தெளிந்தது குழாயால் போய், சல்லிக்கல் நிரப்பிய ஒரு படுகைக்குள் மெதுவாக நடக்கும். படுகையில் சம்புப்புல் நிற்கும். சம்பின் வேரில் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாதவை அழுக்கைத் தின்னும். கடைசியில் ஒரு திறந்த தொட்டியில் தெளிநீர் சேரும்; அதைத் தென்னைக்கு விடலாம். படுகைக்கும் அடியில் பூச்சு வேண்டும். ஒரு சொட்டும் கல்லுக்குள் போகக்கூடாது.

வளவின் கீழ்ப்புறம் சாருஜாவுக்கென்று ஒதுக்கிய இரண்டு பரப்புப் பனங்காணி இருந்தது. உதயகலா மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, என்ரை சீதனக் காணியிலை பீ வளர்க்கப்போறியளோ?"

"பீ இல்லையடி. சம்பு."

பிறகு சாருஜா, "ஒரு மூலையை மட்டும் விடுங்கோ, கத்தரி வைக்க," என்றாள். உதயகலா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வருட மாரியில் சிறு படுகையில் சம்பு முழங்காலுக்கு வளர்ந்தது. மழை மூன்று வாரம் விடாமல் பெய்து கல்லைக் கழுவியது. மார்கழியில் செபஸ்தியம்மா தகவல் அனுப்பினாள். உங்கள் முகம் போய்விட்டது, என் முகம்தான் தெரிகிறது, கிழடாகிவிட்டேன். கூடவே ஒரு பை பாரைக் கருவாடும் வந்தது. உதயகலாவின் கிணற்றில் நமசிவாயம் தொடர்ந்து இருந்தார்.

அவள் அவருடன் வாழப் பழகியிருந்தாள். எப்போது சாப்பிடுகிறார், எந்தச் செய்திக்கு வானொலியைத் திட்டுகிறார் என்பது தெரியும். கனடாவிலிருந்து அழைப்பு வந்தால் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு பேசுகிறார் என்பதும் தெரியும். வேலியில் கண்டால் இருவரும் கதைப்பதில்லை. கிணற்றில் காலையில் கண்டால் அவள் தன்னை அறியாமல் தலையசைப்பாள். பங்குனியில் ஒருநாள் காலை அவள் வாளியை இறக்கியபோது, முகத்தின் பாதி கீழே இழுபட்டிருந்தது. வாயோரத்தில் எச்சில். கண் ஒரே இடத்தில் நின்றது. அவள் கயிற்றை விட்டாள். அடைத்த பொட்டின் மட்டைகளைப் பிய்த்து எறிந்துகொண்டு ஓடினாள். நமசிவாயம் குசினி வாசலில் கிடந்தார். ஓட்டோவில் ஏற்றித் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், யார் முதலில் கண்டது என்று வைத்தியர் கேட்டார். கிணற்றில் கண்டதாக உதயகலா சொன்னாள். வைத்தியர் அயலூர்க்காரி. மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு கையும் பாதி வாயும் சரிவரத் திரும்பாமல் அவர் வீடு வந்தார். உதயகலா கஞ்சி கொண்டுபோனாள். அவர் பொட்டைப் பார்த்தார். மட்டைகள் இல்லை.

"குழியை அடைக்கப்போறியோ?"

"நீங்கள் ஓமெண்டால்."

"நான் ஓமெண்டாத்தான் என்ன, இல்லையெண்டாத்தான் என்ன? என்னாலை இப்ப உன்னோடை மல்லுக்கட்ட ஏலாது." சிறிது நேரம் வாயைத் துடைத்தார். "அடைச்சால் பிறகு ஆர் என்னைப் பாக்கிறது?"

உதயகலா கஞ்சிக் கோப்பையைக் கழுவி வைத்தாள். போய்விட்டாள். அடுத்த நாள் மேசன் வந்தான். அவனைத் திருப்பி அனுப்பினாள். அதற்கடுத்த நாளும் அனுப்பினாள். நமசிவாயத்தின் முகம் கிணற்றில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அது அவளைப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆடியில் சாருஜா தொலைபேசியில் மறுபடி பிள்ளை உண்டானதைச் சொன்னாள். பங்குனியில் பிறக்கும். வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாமியார் கேட்டது ஒன்றுதான்: கிணற்றில் இன்னும் அந்த மனிதர் இருக்கிறாரா? உதயகலா கணக்குப் பார்த்தாள். கல்லை மாரிதான் கழுவும். ஐப்பசி மழைக்குமுன் குழி அடைக்கப்படவேண்டும். ஒரு மாரி தவறினால் அடுத்தது பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது. நமசிவாயத்தின் குழியை மட்டும் அடைத்தால் போதாது. அவருக்கு மேலே முருகேசு, முருகேசுவுக்கு மேலே மண்டபம். கல்லுக்குள் ஒன்று போனால் அடுத்தது அந்த இடத்துக்கு வரும்.

அவள் நமசிவாயத்திடம் போனாள்.

"பொட்டை இனி அடைக்காதேங்கோ மாமா. காலமை தண்ணி அள்ளினாப்பிறகு நான் இந்தப் பக்கத்தாலை வந்து போவன். நேரை பாக்கிறன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"தண்ணி ஒவ்வொரு நாளும்தானே அள்ளுறன்."

அவர் நல்ல கையால் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "மேசனை வரச்சொல்லு," என்றார்.

வாசிகசாலையில் ஊர் கூடியது. எல்லா வளவுக்கும் கசியாத தொட்டி, எல்லாத் தொட்டிக்கும் ஒரே குழாய், குழாய் வேலிகளுக்கூடாகப் போய் உதயகலாவின் பனங்காணியில் பெரும்படுகையில் சேரும் என்று தக்சாயினி விளக்கினாள். செலவு பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வேலியை வெட்டுவதா என்று கேட்டார்கள். வெண்கலட்டியில் ஒரு வேலிக் கதியாலைத் தள்ளி நட்டதற்காக மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. முருகேசு எழுந்து அதைவிடப் பெரியதைச் சொன்னார்.

"எல்லாற்றை கழிவையும் ஒரு பைப்பிலை விடுறதோ? ஆரின்ரையை ஆரின்ரையோடை கலக்கிறது எண்டு ஒரு முறை இல்லையோ?"

பலர் மனதில் இருந்தது அதுதான். பின்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தப்பட்டிருந்த நமசிவாயம் பாதி வாயால் பேசினார். எல்லாரும் திரும்பி, கவனித்துக் கேட்டார்கள்.

"முருகேசு, உன்ரையை நான் இருவது வரியமாக் குடிக்கிறன். ஒரு முறையும் பாராமல்தான் குடிச்சனான்."

முதலில் சிரித்தது ஞானாம்பிகை. பிறகு சிரிப்பு நிற்கச் சற்று நேரம் எடுத்தது. வாசலில் நின்ற செபஸ்தியம்மா, கலந்ததைக் கடைசியாகக் குடிப்பது தாங்கள்தான், தங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கும்படி சொன்னாள். முருகேசு கதிரையில் இருந்துவிட்டார். அந்த வருடம் யூரியாவையும் பாதியாகக் குறைத்தார். கேட்டவர்களுக்கு விலை ஏறிவிட்டது என்றார், அது உண்மையும்கூட.

ஆவணியும் புரட்டாதியும் ஊர் கல் உடைத்தது. சவுக்கமுனையிலிருந்து செபஸ்தியம்மாவின் மகன் எமில்ராஜும் வலைக்காரரும், கடல் கொந்தளித்த நாட்களில் அலவாங்கோடு வந்தார்கள். உதயகலா கயிறு கட்டினாள். ஒரு சாண் முடிந்து மட்டம் பார்த்த பிறகே அடுத்த சாணுக்கு விட்டாள். அவசரப்பட்டவர்களிடம், கண்ணிவெடி வேலையில் அவசரப்பட்டவர்களில் காலோடு வீடு போனவர்கள் குறைவு என்று சொன்னாள். அதன்பின் ஒருவரும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வேலியிலும் இரு பக்கத்தாரும் வந்து நின்று தங்கள் கதியாலைத் தாங்களே பிடுங்கி, குழாய் போன பிறகு அதே குழியில் நட்டார்கள். மண்டபத்துக்காரர் மட்டும் கடைசிவரை சேரவில்லை. அடுத்த முகூர்த்தத்தன்று ஞானாம்பிகை மணமகளின் தாயைக் கூட்டி வந்து கிணற்றைக் காட்டினாள். மகள் கிணற்றுக்குள் கண் மையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மண்டபத்தின் குழாய் அந்த வாரமே வந்து சேர்ந்தது. கடைசிக் குழி நமசிவாயத்தினுடையது. இறைத்துப் பார்த்தபோது அடியில் இரண்டு அலவாங்குகளும் துருப்பிடிக்காமல் கிடந்தன. பூசி முடித்து மூன்றாம் நாள் மழை தொடங்கியது.

முகங்கள் மழையோடு போயின. மணமக்கள் முதலில், காவலாளி பிறகு. முருகேசுவும் ஞானாம்பிகையும் கார்த்திகை விளக்கீட்டன்று நமசிவாயத்தின் கிணற்றிலிருந்து போனார்கள். கடைசிவரை சண்டையை நிறுத்தவில்லை. உதயகலாவின் கிணற்றில் நமசிவாயம் மங்கினார், போகவில்லை. மார்கழி போனது. தைப்பொங்கல் போனது. உடுப்பிட்டியிலிருந்து சாருஜா கேட்டுக்கொண்டே இருந்தாள். உதயகலா பார்த்துக்கொண்டே இருந்தாள், பொய் சொல்லவில்லை. தை மாதக் கடைசியில் ஒருநாள் காலை குனிந்தபோது கீழே ஒரு பெண் இருந்தாள். நெற்றியில் கோடு விழுந்து, காதோரம் நரைத்திருந்தாள். அவளை அடையாளம் காண உதயகலாவுக்கு ஒரு கணம் எடுத்தது. அடுத்த கணம் வாளியைப் போட்டுவிட்டுப் பொட்டால் ஓடினாள்.

நமசிவாயம் குசினி வாசலில் இருந்து சுவரைப் பிடித்து எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, இளைக்க இளைக்க?"

"ஒண்டுமில்லை. கிணத்திலை உங்களைக் காணேல்லை."

அவர் சுவரைப் பிடித்து எழும்பி நின்றார். "போயிட்டனோ?"

"போயிட்டியள் மாமா. தேத்தண்ணி போடட்டோ?"

"சீனி போட்டுத் தா," என்றார்.

தக்சாயினி வந்து தண்ணீர் எடுத்துப் போனாள். இருவாரம் கழித்து, குழந்தைக்குக் கொடுக்கலாம் என்றாள். மாசியில் பிரவீணன் சாருஜாவை வாகனத்தில் கொண்டுவந்து இறக்கினான். மாமியாரும் வந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, தன் முகத்தைக் கண்டு, கொண்டையைச் சரிசெய்தாள்.

போன முகங்கள் எங்கே போயின என்று முதலில் கண்டது செபஸ்தியம்மா. படுகையின் சம்பு வெட்டுவதற்கு ஊர் முறை வைத்திருந்தது. சவுக்கமுனையும் அதில் சேர்ந்திருந்தது. அவள் முறைநாளில் சம்பை வெட்டிவிட்டுக் கைகழுவக் கடைசித் தொட்டிக்குப் போனாள். தண்ணீர் அடிவரை தெளிந்திருந்தது. அதில் வெண்கலட்டி முழுதும் இருந்தது. முருகேசு வெற்றிலை சப்பினார். ஞானாம்பிகை திட்டினாள். வீட்டுக்கு வீடு முகங்கள் நெருக்கமாக, ஒன்றோடொன்று இடிக்காமல் கிடந்தன. ஒரு ஓரத்தில் நமசிவாயம் பாதி வாயால் வானொலியைத் திட்டிக்கொண்டிருந்தார். செபஸ்தியம்மா ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாருக்கும் நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. வந்து உதயகலாவிடம் சொன்னாள். அது முதல், சம்புமுறைக்குப் போகிறவர் கடைசித் தொட்டியில் எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டு வருவது முறையின் பாகமாயிற்று. யாருக்காவது முகம் கோணினால் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும். இதுவரை இரண்டு காய்ச்சலும் ஒரு மாரடைப்பும் பிடிபட்டிருக்கின்றன. மீதித் தண்ணீர் தென்னைக்குப் போகிறது. சவுக்கமுனைக் கரையில் பாசி குறைந்தது. முருகைக்கல்லில் மீன் வந்ததாக எமில்ராஜ் சொன்னான்; ஆனால் மீன்காரர் எந்த வருடமும் முழுதாக ஒத்துக்கொள்வதில்லை.

பங்குனியில் சாருஜாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிறப்புத் துடக்குக் கழிந்த அன்று, வெயில் ஏறிய பிறகு, கிணற்றில் அள்ளிய தண்ணீரை முற்றத்தில் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றி, உதயகலா பிள்ளையைக் காலில் போட்டு வார்த்தாள். பிள்ளை வீரிட்டது. உதடு சிவந்தே இருந்தது. நமசிவாயம் பொட்டருகில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். வார்த்த தண்ணீர் சீமெந்து வாய்க்காலால் ஓடித் தொட்டிக்குள் போனது. அன்று செபஸ்தியம்மாவின் முறை. சாப்பாட்டுக்கு எல்லாரும் இருந்த நேரத்தில் அவள் படுகைப் பக்கமிருந்து வெட்டுக்கத்தியோடு வந்து, படியில் கால் கழுவினாள்.

"என்ன மாதிரி, எல்லாரும் சுகமோ?" என்று உதயகலா கேட்டாள்.

"எல்லாரும் சுகம்," என்றாள் செபஸ்தியம்மா. "புதுசா ஒரு ஆள் வந்திருக்கு. நமசிவாயம் ஐயாவுக்குப் பக்கத்திலை இடம் பிடிச்சு, நல்ல நித்திரை."